முட்டை மச்சமில்லை

அருளம்பலம் அண்ணை மோசம் போன செய்தி, அவர் நான்கு வருடம் நின்று கழுவிய அதே தொட்டியடியில் நான் நிற்கும்போதுதான் வந்தது. பாதர்ஸ்ற் வீதியின் வடக்கில் உள்ள யூத முதியோர் இல்லம் ஒன்றின் குசினி அது. சுவரில் தொங்கும் தொலைபேசியை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டேன். கை இரண்டிலும் நுரை. அவருடைய ஊர்ச்சங்கச் செயலாளர் பேசினார். காலையில் வேலைக்குப் போவதற்கு பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே அண்ணை விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லையாம்.

"அவரோட ஒரே இடத்தில வேலை செய்தது நீர்தான். கொழும்பில மனிசிக்கு நீர்தான் சொல்லவேணும்," என்றார் செயலாளர். "எங்கட சங்க மலருக்கு ஒரு நினைவஞ்சலியும் எழுதித் தாரும். நாலு நல்ல வார்த்தையாப் போடும்."

நாலு நல்ல வார்த்தைகளைப் பத்திரிகைக்காரர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். மரண அறிவித்தலில் 'எல்லோருடனும் இன்முகத்தோடு பழகியவர்' என்று இருந்தது. அவரைத் தெரிந்த உங்களுக்கு அது சிரிப்பை வரவழைத்திருக்கும். சுகம் கேட்டாலே, "ஏன், உமக்கென்ன வேணும்?" என்று திருப்பிக் கேட்கிற மனிதர். சங்கக் கூட்டத்தில் யாராவது நீட்டி முழக்கினால் எழுந்து போய்ச் சப்பாத்தைப் போடத் தொடங்கிவிடுவார். எந்த நேரமும் புளியங்காயைக் கடித்த முகம். அந்த முகத்தோடு அவர் எனக்குச் செய்ததை நீங்கள் அறியமாட்டீர்கள். நான் அவருக்குச் செய்ததையும் அறியமாட்டீர்கள். செயலாளர் கேட்டபடி எழுதுகிறேன். ஆனால் நான் எழுதப்போவது இரண்டாவதைத்தான்.

ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். இங்கே கோப்பை கழுவினார். கனடாவுக்கு வந்து கோப்பை கழுவாத தமிழன் எத்தனை பேர்? ஆனால் எங்கள் குசினியில் கழுவுவது மற்ற இடங்களைப்போல் அல்ல. யூதர்களின் உணவுச் சட்டப்படி இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. வயிற்றில் மட்டுமல்ல, ஏனத்திலும் சேரக் கூடாது. இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி. கரண்டி, தட்டு, கழுவும் தொட்டி, துடைக்கும் துணி எல்லாம் இரண்டிரண்டு. இறைச்சிப் பக்கத்துக்குச் சிவப்பு, பால் பக்கத்துக்கு நீலம். ஒரு பக்கத்து ஏனம் மற்றப் பக்கத்தில் சூட்டோடு பட்டுவிட்டால் அது தீட்டு. பிறகு அதில் சமைத்ததைச் சாப்பிட முடியாது.

நான் வேலைக்குப் போன முதல் நாள் அவர் என்னை இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் நிறுத்தி, இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"தாயின்ர பாலில பிள்ளையைப் போட்டுக் காய்ச்சக் கூடாது. அவ்வளவுதான் கதை. மிச்சமெல்லாம் அதுக்குக் கட்டின வேலி," என்றார். "எங்கட வீட்டிலயும் மச்சச் சட்டி வேற, சைவச் சட்டி வேற தானே? பிறகென்ன, உது எங்களுக்குப் புதுசோ?"

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புதிதாக வருகிற தமிழ்ப் பெடியளுக்காக அவரே எழுதியது. சங்கக்கடை விலைப்பலகையில் எழுதுவதுபோல உருண்டையான எழுத்து. 'சிவப்பு: மச்சம். நீலம்: பால்.' இரண்டே வரி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு மச்சம் என்றால் சைவமில்லாத எல்லாமும்தானே.

இதையெல்லாம் கண்காணிக்க ஒருவர் இருந்தார். சைமன் என்று பெயர். தாடி, தொப்பி, சட்டைப்பையில் ஒரு சின்ன ரோர்ச் லைற். அவருடைய பதவிக்கு மஷ்கியாக் என்பார்கள். எங்கள் வாயில் அது மச்சக்காரர் ஆகிவிட்டது. "மச்சக்காரர் வாறார்" என்றால் எல்லோரும் கைத்துணியின் நிறத்தை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வோம். அருளம்பலம் அண்ணை மட்டும் பார்க்கமாட்டார். நான்கு வருடத்தில் அவருடைய கையில் ஒரு தேக்கரண்டிகூட மாறியதில்லை. சைமனும் அவருடைய பக்கத்துக்கு ரோர்ச் அடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டிருந்தார்.

அண்ணை முழுச் சைவம். மாட்டுக்கொழுப்பு ஒட்டிய தட்டங்களை முழங்கை வரைக்கும் விட்டுக் கழுவிவிட்டு, உடுப்பு மாற்றும் அறையில் போயிருந்து பாணும் சம்பலும் சாப்பிடுவார். "எப்பிடியண்ணை மனம் வருகுது?" என்று ஒருநாள் கேட்டேன். "கழுவிறதுக்குத்தானே சம்பளம் தருகினம், தின்னிறதுக்கோ?" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி அவரோடு பேச முடியாது. இதைக் கவனமாக வாசியுங்கள். மாட்டிறைச்சி கழுவுவது அவருக்கு ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை.

இன்னொரு நாள், மேல்மாடியில் இருந்த ஒரு கிழவி தன்னுடைய கஞ்சித் தட்டத்தைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டாள். கரண்டிப் பிடியில் இருந்த நீலக் கோடு தேய்ந்துபோயிருந்ததால் அவளுக்குச் சந்தேகம். எனக்கு எரிச்சல் வந்தது. சோற்றுக்கு வழியில்லாமல் சனம் சாகுது, உவவுக்குக் கரண்டி நிறம் வேணுமாம் என்று புறுபுறுத்தேன். அண்ணை புதுக் கரண்டி ஒன்றைத் துடைத்துத் தட்டத்தில் வைத்தார்.

"வீட்டை விட்டு, நாட்டை விட்டு, பெத்ததுகளை விட்டு ஓடி வந்த சனம் உது," என்றார். "ஒண்டையும் கொண்டுவர ஏலாமல் போச்சு. உந்தக் கரண்டியை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்குதுகள். அதையும் பறிக்கச் சொல்லிறீரோ?"

அவர் தன்னைப்பற்றியும் பேசுகிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவருடைய மனைவி மனோன்மணி அக்காவும் மகள் வதனியும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுப்பதற்குத்தான் அந்த மனிதர் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறையில் வேறு மூன்று பேரோடு படுத்தெழும்பினார். வதனிக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பத்தொன்பது ஆகிவிட்டால் அவள் பிள்ளை என்ற கணக்கில் வரமாட்டாள், தாய் மட்டும்தான் வரலாம். லோயர் கந்தோரில் தைமாதம் விண்ணப்பப் பேப்பர் போடுவதாக இருந்தார்கள். கடைசியாகக் கேட்டது ஒரு வேலைக் கடிதம். இன்ன இடத்தில், இத்தனை வருடமாக, நிரந்தரமாக வேலை செய்கிறார் என்று அரைப் பக்கம். சைமன் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அது மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை. நான் வேலைக்கு வந்து மூன்று கிழமை ஆகியிருக்கவில்லை. விடியப் பாற்கஞ்சி காய்ச்சி, கழுவி, பிறகு அதே சட்டியில் காலைச் சாப்பாட்டுக்கு முட்டை அவித்திருந்தார்கள். கஞ்சி காய்ச்சியதை நான் காணவில்லை. நான் தொட்டியடிக்கு வந்தபோது சட்டிக்குள் முட்டைக் கோது கிடந்தது. பிடியில் இருந்த நீலம் எப்போதோ உரிந்துபோயிருந்தது. அண்ணை கீழே களஞ்சிய அறைக்குப் போயிருந்தார். நான் சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். முட்டை மச்சம். மச்சம் சிவப்பு. சட்டியைத் தூக்கிச் சிவப்புத் தொட்டிக்குள், கொதிதண்ணீருக்குள் இறக்கினேன். நன்றாகத் தேய்த்துக் கழுவிச் சிவப்புப் பக்கத்து அடுக்குத் தட்டில் கவிழ்த்தும் வைத்தேன்.

யூதர்களுக்கு முட்டை இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. மீனும் அப்படித்தான். இரண்டு பக்கத்துக்கும் பொது. வெள்ளிக்கிழமை முட்டை தொடாத வீட்டில் வளர்ந்த எனக்கு அது எப்படித் தெரியும்?

சமையற்காரர் சிவப்புத் தட்டில் இருந்த சட்டியை எடுத்து, அன்று மாலை ஓய்வுநாள் விருந்துக்கான கோழி சூப்பை அதில் ஏற்றினார். மத்தியானம் கழிந்து சைமன் சுற்றி வந்தார். சட்டியின் அடிப்பக்கத்தில் வெளியே தெரிந்த நெளிவைக் கண்டதும் நின்றார். அது கஞ்சிச் சட்டி என்று அவருக்கு அந்த நெளிவே சொல்லிவிட்டது. அடுப்பை நிறுத்தச் சொன்னார். சூப் முழுவதும் வடிகாலில் போனது. மார்கழியில் நேரத்தோடு பொழுது படும், பொழுது பட்டால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், பிறகு அவர்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள். மறுபடி காய்ச்ச நேரம் இல்லை. அன்று மேலே இருந்த கிழவர் கிழவிகள் எல்லாம் சூப் இல்லாமல்தான் விருந்து சாப்பிட்டார்கள்.

சைமன் எங்கள் இருவரையும் தொட்டியடியில் வைத்துக் கேட்டார், "இதைச் சிவப்பில் கழுவியது யார்?"

அண்ணை சட்டியைப் பார்த்தார். காலையில் அதில் முட்டை அவித்தது அவருக்குத் தெரியும். பிறகு சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் அந்த நேரமே விளங்கிவிட்டது. கடைசியாக என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை, என்ன சொல்லப்போகிறாய் என்று காத்திருக்கிற பார்வை. நான் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று பயம். பயம் என்று எழுதும்போது அது ஏதோ மன்னிக்கக்கூடிய சாமான் மாதிரித் தெரிகிறது. அப்படியில்லை, நான் கோழை.

"நான்தான்," என்றார் அண்ணை.

சைமன் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்திருக்கிறேன். "இந்தப் புதிய பையன் செய்திருந்தால் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன், அருள். நான்கு வருடம் இருந்த நீ செய்தால் அது பிழை இல்லை, அலட்சியம். மேலே இருப்பவர்கள் என்னை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். உன்னை இனி நான் எப்படி நம்புவது?"

கேட்டீர்களா? நான் வாய் திறந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு பாடம். அவ்வளவுதான். அது காதில் விழுந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அன்றோடு அண்ணையை வேலையால் நிற்பாட்டினார்கள்.

அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? பெரிய மனது என்று எழுதி முடித்துவிடலாம், செயலாளரும் சந்தோஷப்படுவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் நானாகச் சொல்லவேண்டும் என்று காத்திருந்தார். சொல்லாத ஒருவனை இழுத்துச் சொல்லவைப்பது அவருக்குக் கேவலம். கொஞ்சம் வறட்டுக் கௌரவம், கொஞ்சம் நீதியும் இருந்தது. உடுப்பு மாற்றும் அறையில் ஏப்ரனை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"கை உம்மட. சொல் என்ர. இறைச்சி எண்டெல்லோ எழுதியிருக்கவேணும்? மச்சமெண்டு எழுதினது ஆர்? மனேச்சராம் மனேச்சர்."

பிறகு திரும்பிக் குசினிக்குள் வந்து, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் புதிதாக எழுதி ஒட்டினார். 'சிவப்பு: இறைச்சி. நீலம்: பால். முட்டை மச்சமில்லை.' வேலை போன மனிதர், போகிற வழியில் அதைச் செய்தார். நாடா நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் தடவியும் பார்த்தார்.

'சொல் என்ர' என்று அவர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிழை அவருடைய தாளில்தானே, நான் எழுதியிருந்தபடிதானே செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பல மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மாசி மாதம் அவர் வெக்ஸ்போர்ட்டில் நான் இருந்த அப்பார்ட்மென்றுக்கு வந்தார். அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. தேத்தண்ணி குடித்தார். வெளியே பனி கொட்டியதைப்பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு கோப்பையைக் கீழே வைக்காமல், அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வேலைக் கடிதம் இல்லாமல் பேப்பர் போட ஏலாதாம். போட்டாலும் திரும்பி வருமாம். புது வேலையெண்டா ஒரு வருஷமாவது நிக்கவேணுமாம். வதனிக்கு ஆனியில பத்தொன்பது முடியுது." கோப்பையை ஒருக்காத் திருப்பினார். "நீர் ஒருக்கா சைமனோட கதைச்சா, என்னைத் திரும்ப எடுப்பார். நடந்ததைச் சொன்னாச் சரி. உம்மை ஒண்டும் செய்யமாட்டார்."

வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்காத மனிதர் கேட்டார். நான் சொன்னேன், "பாப்பம் அண்ணை."

பாப்பம் என்றால் எங்கள் ஆட்களிடம் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்தார், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். இரண்டாம் தரம் அவர் கேட்கவில்லை.

நான் சைமனிடம் போகவில்லை. அந்த நாட்களில்தான் தொட்டியடிக்குப் பொறுப்பாக அண்ணை இருந்த இடத்துக்கு என்னை ஏற்றுவதாகப் பேச்சு நடந்தது. பங்குனியில் ஏற்றினார்கள். அடுத்த வருடம் வழக்கு வென்று எனக்குப் பேப்பர் கிடைத்தது. சைமன் ஒரு வேலைக் கடிதம் தந்தார். இன்ன இடத்தில், நிரந்தரமாக, பொறுப்பான பதவியில். அரைப் பக்கம்தான். அதை வைத்து என் மனைவியைக் கூப்பிட்டேன்.

வதனிக்கு ஆனியில் பத்தொன்பது முடிந்தது. பிள்ளையைத் தனிய லொட்ஜில் விட்டுவிட்டு நான் வரமாட்டேன் என்று மனோன்மணி அக்கா நின்றுகொண்டார். அண்ணை ஒரு கந்தோர்க் கட்டடத்தில் கூட்டித் துடைக்கப் போனார். அந்தக் குடும்பத்தின் கதை அவ்வளவில் நின்றுபோனது.

அதன்பிறகு அவரை நான் நேருக்கு நேர் கண்டது ஒரு தரம்தான். அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடை. நானும் மனைவியும், தள்ளுவண்டியில் ஏழு மாதக் குழந்தையும். ஒளிக்க இடமில்லை.

"மனிசி வந்திட்டாவோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"நல்லது." குனிந்து குழந்தையைப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம், "பிள்ளைக்கு முட்டை குடுக்கத் துவங்கியாச்சோ? குடுங்கோ, பிள்ளை. அது மச்சமில்லை," என்றார்.

அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காரில் ஏறிய பிறகு, "ஆர் அந்தக் கிழவர்? நல்ல பகிடிக்காரர்," என்றாள். முந்தி என்னோடு வேலை செய்தவர் என்று மட்டும் சொன்னேன்.

அண்ணையின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பேசிய பெரியவர் ஒருவர், மாட்டிறைச்சி கழுவ மனம் ஒப்பாமல் கைநிறையச் சம்பளத்தை உதறிவிட்டு வந்த சைவப் பெருமகன் என்று அவரைப் புகழ்ந்தார். பலர் தலையாட்டினீர்கள். இந்தக் கதை எங்கே முளைத்தது என்று எனக்கு விளங்கவில்லை. முன்வரிசையில் இருந்துகொண்டு நானும் தலையாட்டினேன்.

முளைத்த இடம் பிறகுதான் தெரிந்தது. செத்தவீடு முடிந்து இரண்டாம் நாள் மனோன்மணி அக்காவுக்கு மறுபடி ரெலிபோன் எடுத்தேன். முதல் தரம் செய்தி சொன்னபோது அவர் அழுததில் வேறொன்றும் பேசமுடியவில்லை. இந்த முறை அழவில்லை.

"தம்பி, நீங்கள் அவரோட வேலை செய்தனீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ," என்றார். "மாடு கழுவ மனமில்லாமல் வேலையை விட்டிட்டன் எண்டு எனக்குக் கடிதம் எழுதினவர். என்ர பிள்ளையின்ர வயசு போகுது, அந்த நேரம் பார்த்து அவருக்கு ஆசாரம். வதனியை விட அவருக்குச் சைவம் பெரிசாப் போச்சு. நாலு வருஷமா அவரோட நான் நல்ல வார்த்தை ஒண்டும் கதைக்கேல்லை. போன மாசம் எடுத்தபோதும் ரெலிபோனை வதனியிட்டக் குடுக்காமல் வைச்சிட்டன். அவர் உண்மையாவே அதுக்காகத்தானே விட்டவர்?"

அலட்சியக்காரன் என்று வேலையிலிருந்து கலைத்துவிட்டார்கள் என எழுத அந்த மனேச்சருக்குக் கை வரவில்லை போலும். ஆசாரக்காரன் என்று பெண்சாதி வெறுத்தால் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறார். என்னுடைய பெயரை அந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

நான் சொன்னேன், "ஓம் அக்கா."

மூன்றாம் தரம். தொட்டியடியில் ஒன்று, தேத்தண்ணி மேசையில் ஒன்று, இது மூன்று. எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இந்த மலர் கொழும்புக்கும் தபாலில் போகும் என்று செயலாளர் சொன்னார். அதனால்தான் எழுத ஒத்துக்கொண்டேன். மனோன்மணி அக்கா, நான் உங்களுக்குச் சொன்னது பொய். அவர் மாட்டைக் கழுவினார், நான்கு வருடம், முகம் சுளிக்காமல். உங்களையும் வதனியையும் எடுப்பதற்காகக் கழுவினார். அவரை நிற்பாட்டியது என்னுடைய பிழைக்காக. அதைச் சொல்லச் சொல்லி என் வீட்டுக்கு வந்து கேட்டார். நான் சொல்லவில்லை. நீங்கள் நான்கு வருடம் கோபித்திருக்க வேண்டிய ஆள் அவரில்லை.

போனவரிடமிருந்து நமக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று சொல்லித்தான் இப்படியான அஞ்சலிகளை முடிப்பார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய வேலை. அந்த வேலைக்குத் தந்த கடிதத்தால் வந்த மனைவி. இங்கே பிறந்த மகள். அவளுக்கு இப்போது இரண்டு வயது நடக்கிறது, நான் வேலையால் வந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் ஓடி வருகிறாள். அண்ணை வதனியைக் கடைசியாகக் கண்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது.